மிதந்த அரிசி

குண்டானில் தண்ணீரை ஊற்றி அரிசியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீரம்மா கையை எடுத்துக்கொள்வார். சுழல் அடங்கும்வரை பக்கத்தில் நிற்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அடங்கியதும் மேலே சில மணிகள் மிதக்கும். லேசான மஞ்சள் நிறம், ஒரு மாதிரி மொழுமொழுப்பு. மற்றவர்கள் அரிசி என்று நம்பிவிடுவார்கள், வீரம்மா நம்பமாட்டார். விரல் நுனியால் வழித்துச் சிரட்டையில் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்.

"இந்தக் கையத் தாண்டி ஒரு கெட்ட மணி புள்ளைங்க தட்டுக்குப் போனதா எவளாவது சொல்லட்டும், அகப்பைய அன்னிக்கே கீழ வச்சிடுறேன்."

உடப்புசல்லாவைக்கு மேலே, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு தோட்டப் பாடசாலை. அதன் பின்னால் புகை படிந்த தகரக் கொட்டகை. பாடசாலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் பொறுப்பு வந்த நாளிலிருந்து அந்தக் கொட்டகை வீரம்மாவின் சொந்த நாடு. பாடசாலை அதிபர் ஜெயகாந்தன்கூட வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன கை, அகப்பையைப் பிடித்தால் கரண்டிக்குக் கரண்டி அளவு மாறாது. உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். கடைசிப் பிள்ளை கை கழுவும்வரை தான் ஒரு பிடியும் சாப்பிடமாட்டார்.

பிள்ளைகளின் பெயர் அவருக்கு நிற்காது. யார் எதை ஒதுக்குகிறார்களோ அதுவே பெயர். "ஏய் கரட்டு, இங்க வா. கீரை எங்க, இன்னிக்கு வரலியா?" கூப்பிட்ட குரலுக்குப் பிள்ளைகளும் ஓடி வரும்.

தம்மைப் பற்றிப் பேச வீரம்மாவுக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட என்ன இருக்கிறது? ஒற்றை ஆளாக லயத்தை விட்டு வெளியே வந்து, கல்லும் மண்ணும் தானே சுமந்து வீடு கட்டியவர். வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு, முன்னால் ரோஜா. "மூணாவதோட என்னைய ஸ்கூல்ல இருந்து நிப்பாட்டிட்டாங்க. இப்பப் பாருங்க, ஸ்கூலே என் கைச் சோத்துலதான் நடக்குது" என்பார். கேட்பவர் சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார்.

அரிசி பொறுக்கும் வித்தையையும் அப்படித்தான் ஒருநாள் காட்டினார். காய்கறி வெட்ட முறைக்கு ஒரு தாய் வருவது அங்கே வழக்கம். அன்று லெட்சுமியின் முறை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இன்னொரு தடவ சுத்துங்க, எங்க தங்கச்சிக்கு அனுப்புறேன்" என்றாள். கேமராவைக் கண்டதும் வீரம்மாவின் குரல் தானாகவே ஒரு படி ஏறிவிட்டது.

"பாத்துக்க லெட்சுமி. இது அரிசியா? பிளாஸ்டிக்கு. தண்ணியில மெதக்குது பாரு. கண்ணு அவிஞ்சவ எவளாவது ஆக்கியிருந்தா இந்நேரம் புள்ளைங்க வயித்துக்குள்ள போயிருக்கும்."

லெட்சுமி தங்கைக்குத்தான் அனுப்பினாள். தங்கை யாருக்கு அனுப்பினாள், அவர்கள் யாருக்கு அனுப்பினார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கருவாடு வாங்க வலப்பனைக்குப் போகும் பஸ்ஸில் வீரம்மா தம்முடைய குரலையே கேட்டார். முன் சீட்டில் ஒரு முன்பின் தெரியாத மனிதர், கையில் போன். போனுக்குள்ளே குண்டான் சுழல்கிறது. பின்னணியில் ஒரு சோக இசை. மேலே சிவப்பு எழுத்தில் மலையகப் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் சோறு என்று ஓடுகிறது. முகம் தெரியவில்லை, கையும் குரலும் மட்டும். வீரம்மாவுக்குப் புல்லரித்துவிட்டது. முதுகைத் தட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, அது நாந்தேன்."

அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, எழுந்து இடம் கொடுக்காத குறையாக, "நீங்களா? நல்லா கேட்டீங்கம்மா. இத அனுப்புற ஆக்கள இப்பிடித்தான் கேக்கணும். இதப் பாத்துட்டு எங்க பக்கத்து ஸ்கூல்லயும் சாப்பாட்ட நிப்பாட்டிட்டாங்க" என்றார்.

"எத நிப்பாட்டிட்டாங்க?"

"சோத்தத்தான். எந்தத் தாய் இனிமே தட்டக் குடுத்து அனுப்புவா?"

வலப்பனையில் கருவாட்டுக்குக் கேட்ட விலையை வீரம்மா பேரம் பேசாமலே கொடுத்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இதுவே நம்ப முடியாத செய்தி.

மறுநாள் பருப்பும் முட்டைக்கோவாவும் வெந்து, சோறு வடித்தாயிற்று. மணி அடித்தது. வழக்கமாகத் தட்டுச் சத்தம் முதலில் வரும், பிள்ளைகள் பிறகு வருவார்கள். அன்று சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்து, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டும், தண்ணீரைக் குடித்துக்கொண்டும், ஒன்றும் இல்லாமலும் இருந்தார்கள். 'கீரை' என்று அவர் கூப்பிடும் கிருஷாந்தி வெறும் கையோடு வந்து வாசலில் நின்றாள்.

"தட்டு எங்கடி?"

"அம்மா வேணாமின்னு சொல்லிருச்சு. ஆன்ட்டி, எனக்குப் பசிக்குது."

போன மாதம் காலைக் கூட்டத்தில் சுருண்டு விழுந்த பிள்ளை அவள். வீரம்மாதான் தூக்கிவந்து கொட்டகையில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தவர். இப்போது குண்டான் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு பிடி போட வழியில்லை. தாய் வேண்டாம் என்றபின் எப்படிப் போடுவது? அவ்வளவு சோறும் ஆறிக் கட்டிதட்டிப் போனதை வீரம்மா அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்.

அந்த வாரமே சுகாதாரப் பரிசோதகர் முஹ்ஸின் வந்தார். அதிபரும் கூடவே வந்தார். வீரம்மா சிரட்டையைப் பரிசோதகர் முன்னால் கொண்டுபோய் வைத்தார், சாட்சியை நிறுத்துவதுபோல. எத்தனை பேர் கேட்டாலும் தம் கண் தப்பாது என்ற தெம்பு அப்போதும் இருந்தது. முஹ்ஸின் இரண்டு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்தார். மாவாகிவிட்டது. ஒன்றை வாயில் போட்டு மென்றார்.

"அம்மா, இது பிளாஸ்டிக் இல்ல. அரிசி மாவுல இரும்புச் சத்தும் வேற சத்துகளும் சேத்து, அரிசி மாதிரியே செஞ்ச மணி. நம்ம பக்கத்துப் புள்ளைங்களுக்கு ரத்தம் குறைவுன்னுதான் இத அரிசியில கலந்து அனுப்புறாங்க. நூறு மணிக்கு ஒண்ணுதான் இருக்கும். பொறுக்கி எடுத்தத எங்க போட்டீங்க?"

"கோழிக்கு."

"அப்ப இந்தப் பக்கத்துலயே ரத்தம் நல்லா ஓடுறது உங்க கோழிகளுக்குத்தான்" என்று சிரிக்கப் போனவர், வீரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அரிசி பொறுக்கிய காலைகளெல்லாம் வீரம்மாவின் கண்முன்னால் வந்தன. எவ்வளவு கவனமாகப் பொறுக்கினார், எவ்வளவு பெருமையாகப் பொறுக்கினார். மற்றப் பாடசாலைகளில் சோம்பேறித்தனமாக அப்படியே உலையில் போட்டவர்கள் பிள்ளைகளுக்குச் சத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அதனாலயா அய்யா அந்தப் புள்ள விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"அதனாலதான்னு சொல்ல ஏலாதும்மா. ஆனா, அந்தப் புள்ளைக்காகத்தான் இது வந்தது. ஏன், உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

வீரம்மா அதிபரைப் பார்த்தார். அதிபர் கூரைத் தகரத்தைப் பார்த்தார். கல்வி வலயக் கூட்டத்தில் சொன்னார்கள்தான், வேலைப் பளுவில் விட்டுப்போயிற்று என்று மெல்லச் சொன்னார். விட்டுப்போயிற்று. ஒரு வாய் வார்த்தை. கொட்டகை வாசலில் நின்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

பெற்றோர் கூட்டத்துக்கு அறிவித்தார்கள். கூட்டம் தொடங்குமுன் அதிபர் கொட்டகைக்கு வந்தார். அன்று 'வரலாமா' என்று கேட்கவில்லை.

"வீரம்மா, பயப்படாதீங்க. இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே செய்றாங்க. குரலு, கையி, எல்லாம். ஏ.ஐ. அந்த வீடியோவும் அப்பிடி யாரோ செஞ்சதுன்னு நான் சொல்லிடுறேன். உங்க முகம் அதுல இல்ல. நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்."

"அது என் குரலு சேர்."

"எனக்குத் தெரியும். நம்ம ரெண்டு பேருக்கும் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கே புள்ளைங்க சாப்பிடும். உங்க வேலையும் நிக்கும்."

படித்தவர், சேர், பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுக்கிறவர், உப்புப் புளி கேட்பதுபோல அல்லவா கேட்கிறார்?

மண்டபம் நிறைந்திருந்தது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்த தாய்மார் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். லெட்சுமி பின்வரிசையில் தலை நிமிராமல் இருந்தாள். அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கூட்டம் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

"அதானே பாத்தேன். வீரம்மாக்கா அப்பிடிச் சொல்லுமா?" என்றது ஒரு குரல்.

கிருஷாந்தியின் தாய் பேச்சியம்மா எழுந்தாள். "அப்ப நாளைக்குத் தட்டக் குடுத்து அனுப்புறேங்க சேர். ஆனா ஒண்ணு. அந்த மெதக்குற மணி? அதுவும் கம்ப்யூட்டர்ல செஞ்சதுதானா?"

"ஆமா ஆமா, எல்லாமே பொய்தான்" என்றார் அதிபர். "வேணுமின்னா அவங்களையே கேளுங்க." ஒலிவாங்கியை வீரம்மாவிடம் நீட்டினார்.

தலையை ஆட்டினால் போதும். நாளைக் காலை தட்டுச் சத்தம் கேட்கும். வேலை இருக்கும், பேரும் இருக்கும். வீரம்மா பேச்சியம்மாவைப் பார்த்தார். என்றைக்காவது வேறொருத்தி அந்தக் குண்டானுக்கு முன்னால் நிற்பாள். மிதக்கிற மணியைக் காண்பாள். அவளும் கோழிக்குத்தான் போடுவாள்.

"எந்தக் கம்ப்யூட்டரு என்னைய மாதிரி பேசும்?" என்றார் வீரம்மா. இரண்டொருவர் சிரித்தார்கள். "பேச்சி, அது என் கை. அது என் வாயி. மணியும் உள்ளதுதான், ஆனா பிளாஸ்டிக்கு இல்ல. உம் மக ஒடம்புல ரத்தம் ஊறணுமின்னு அரிசியில கலந்த சத்து. தெரியாம நான் அத்தனையையும் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுட்டேன்."

சிரித்தவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். பேச்சியம்மா நின்றபடியே இருந்தாள்.

"என்னைய என்ன வேணுமின்னாலும் கேளு, நிக்கிறேன். ஆனா, எனக்குச் சொல்ல வேண்டியவங்க ஏன் சொல்லலன்னு அதையும் கேளு."

"சரி வீரம்மா, போதும், குடுங்க" என்று அதிபர் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். வீரம்மா திரும்பாமலே ஒலிவாங்கியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.