அக்கா வீட்டுச் சைரன்

செல்லூரில் என் ரேடியோ ரிப்பேர்க் கடைக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். மச்சான் அக்காவை அடிக்கும்போது என் மேசைமேல் கிடக்கும் ஸ்க்ரூக்கள் அதிரும். பவர்லூமில் வேலை பார்க்கிறவர், கை அப்படி. எது கிடைக்கிறதோ அதை எடுத்து அடிப்பார். சைக்கிள் பம்பு, தோசைக் கரண்டி, ஒருமுறை சோற்றுப் பானை, கொதிக்கிற சோற்றோடு.

தெருவில் யாரும் வரமாட்டார்கள். புருசன் பெண்டாட்டி விவகாரம் என்று சன்னலைச் சாத்திக்கொள்வார்கள். நான் ஒரு தடவை உள்ளே போனேன். மச்சான் என் தலையைப் பிடித்துக் கதவு நிலையில் இடித்தார். முன்பல் ஒன்று போனது. என்னை வெளியே தள்ளிக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, எனக்கும் சேர்த்து அக்காவுக்குக் கொடுத்தார். மறுநாள் வீங்கிய கண்ணோடு வந்து அக்கா சொன்னாள்: “நீ வந்தா எனக்குத்தான் ரெட்டிப்பா விழுது. இனிமே வராதடா.”

அதற்குப் பிறகு தெரு முக்கில் இருந்த அடகுக் கடைக்குத் திருட்டுச் சைரன் ஒன்று செய்து மாட்டினேன். வேலை செய்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டியதும் தெருவே கம்பும் உலக்கையுமாக ஓடி வந்தது. வந்தவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். அக்கா அலறும்போது சன்னலைச் சாத்துகிறவர்கள். அக்காவுக்கும் ஒன்று செய்வது என்று அங்கே நின்றபோதே முடிவெடுத்தேன்.

ஸ்ட்ரிப் போர்டு என்பது பழுப்பு நிற அட்டை. மேலே வரிசை வரிசையாகத் துளைகள், அடியில் அவற்றைக் கோத்தபடி செம்புக் கோடுகள். ஒரே கோட்டில் கால் வைத்த பாகங்கள் தாமாகவே சேர்ந்துவிடும். சேரக்கூடாத இடத்தில் டிரில் பிட்டைக் கையால் திருகிச் செம்பை வெட்டிவிட வேண்டும். ஒரு வெட்டு விட்டுப்போனாலும் சைரன் ஊதாது, புகைதான் வரும். அடகுக் கடையில் ஊதாவிட்டால் மறுபடி பார்த்துக்கொள்ளலாம். அக்காவுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். அதனால் கட்டம் போட்ட தாளில் முழுவதையும் வரைந்து முடிக்காமல் ஈயத்தைத் தொடுவதில்லை என்று உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் கட்டம் எண்ண வரும்.

அக்கா எட்டிப் பார்த்து, “என்னடா, மார்கழிக் கோலமா?” என்றாள். உதடு கிழிந்திருந்ததால் அவளால் சிரிக்க முடியவில்லை.

கதவுப் பக்கம் தோள் உயரத்தில் சுவிட்ச் வைக்கப்போகிறேன் என்றேன்.

“அது எட்டாது. நான் கீழதான் கெடப்பேன்.”

அடுப்புக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில், தரையோடு வைக்கச் சொன்னாள். பெரும்பாலும் அங்கேதான் விழுவாளாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அமுக்கிக்கிட்டே இருக்கவும் முடியாது. கைய மிதிச்சுருவாரு” என்றாள்.

வரைந்த தாளைக் கசக்கிப் போட்டேன். ஒரு தடவை தொட்டால் போதும், கையை எடுத்தாலும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு, ஒருமுறை பிடித்த கரண்டை விடாமல் வைத்திருக்கும் ஒரு ரிலே, ரிலேவுக்குப் போர்டில் இடம். நிறுத்துகிற சுவிட்ச் என் கடையில் மட்டும். கரண்ட் இல்லாத நேரத்திலும் ஊத ஒரு கார் பேட்டரி. மறுபடி முதல் கட்டத்திலிருந்து வரைந்தேன்.

அது முடியும் தறுவாயில் ஒரு காலை சுவர் அதிர்ந்தது. மச்சான் தறியில் நூலோடு ஓடும் மரக்கட்டை நாடாவால் அக்காவின் இடது மணிக்கட்டை அடித்தார். எலும்பு முறிந்தது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. வேறொரு ரேடியோவுக்காகச் சூடேறியிருந்த சால்டரிங் அயனைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். அவர் கண்ணில் சொருகிவிட வேண்டும் என்று கை துடித்தது. அக்கா வீட்டுக் கதவு தாழ் போட்டிருந்தது. உதைத்தும் திறக்கவில்லை. திரும்பி வந்து, அதே வெறியில் போர்டை எடுத்து வெட்ட ஆரம்பித்தேன். போர்டைச் செம்புப் பக்கம் திருப்பினால் இடது வலதாகிவிடும். தாளையும் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். மறந்துவிட்டேன். அத்தனை வெட்டும் தப்பு. போர்டைச் சுவரில் அடித்து உடைத்தேன்.

அந்தப் பக்கமிருந்து மச்சான் கேட்டார்: “என்ன மாப்ள, ஒனக்கும் வேணுமா?”

வேறு போர்டு வாங்கி, தாளைப் பார்த்து நிதானமாக வெட்டினேன். மச்சான் ஷிப்டில் இருந்த நேரம் டிரம்முக்குப் பின்னால் சுவரைத் துளைத்து வயரை இழுத்தேன். ஹார்ன் என் கூரைமேல்.

ஒரு மத்தியானம். கறியில் உப்பு இல்லை என்று ஆரம்பித்தது. சட்டி உடைந்தது, அக்கா விழுந்தாள், ஹார்ன் அலறியது. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கம்போடும் கடப்பாரையோடும் வந்தவர்கள் கதவைப் பெயர்த்தார்கள். உள்ளே மச்சான் அக்காவின் முடியைக் கையில் சுற்றி முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

திருடன் இல்லை என்று கண்டதும் தூக்கிய கம்புகள் தாழ்ந்தன. தறிக்கூடத்து முதலாளி என் கடைக்குள் வந்தார்.

“இதுக்கா ஊதுற? நிப்பாட்டுப்பா, காது கிழியுது.”

நாலு பேர் முன்னால் நான் பேசியதே கிடையாது.

“அவரு வீட்ட விட்டு வெளிய வரட்டும்ணே. நிப்பாட்டுறேன்.”

மச்சான் வந்தார், ஆனால் என்னை அடிப்பதற்கு. முகத்தில் விழுந்த குத்தில் மூக்கு உடைந்தது. விலாவில் மிதித்தார். சுவிட்சை அடியில் வைத்து மேசைமேல் கவிழ்ந்துகொண்டேன். ஹார்ன் ஊதிக்கொண்டே இருந்தது. அக்காவுக்காக இல்லாவிட்டாலும், அந்தச் சத்தம் தாங்காமல் ஆட்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள். அவர் வீசிய கை முதலாளியின் வாயில் பட்டது. அதோடு கம்புகள் மறுபடி உயர்ந்தன. முக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் அடித்தே கொண்டுபோனார்கள்.

கட்டுப்போட்ட கையோடு சுவரைப் பிடித்து நடந்து வந்தாள் அக்கா. முகமெல்லாம் ரத்தமும் சோறும். நான் நிறுத்துவதற்காகச் சுவிட்சில் கை வைத்தேன்.

“இருடா. அவரு பஸ் ஏறுற வரைக்கும் கத்தட்டும்.”

மச்சானை அவர் சொந்த ஊரான வாடிப்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். பேட்டரி இறங்கி, ஹார்ன் அதற்குள் முனகலாகியிருந்தது.