வாங்கின் கடைசியில் ஒரு கதவு

அந்தப் பயிற்சியாளர் இன்றைக்கு எதிரில் வந்தாலும் என் வாயில் நல்ல வார்த்தை வராது. வயது ஏறிவிட்டது, முழங்கால் போய்விட்டது, கோபம் மட்டும் போகவில்லை. “விடு, விளையாட்டுத்தானே” என்று யாராவது சொன்னால் அது இரண்டு மடங்காகிறது. விளையாட்டென்றால் என்னை விளையாட விட்டிருக்க வேண்டும்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தப் பனி நாட்டில், தலைநகரின் ஓரத்து ட்வெய்ட்டாவில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். நான் ஐஸ் ஹொக்கியில் கீப்பர் ஆனதற்கு ஆரம்பத்தில் திறமை காரணமில்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாச் சாமானும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். கோல் காக்கிறவனுக்கு மட்டும் கிளப் இரவல் கொடுக்கும். கால்காப்பு, நெஞ்சுக்காப்பு, முகமூடி எல்லாம் எத்தனையோ பேர் போட்டு வியர்த்து நாறியவை. சின்ன வயதில் அந்த நாற்றத்துக்குள் நுழைந்தவன் நான். திறமை பிறகு வந்தது. வந்தது என்பதை யாருக்கு முன்னாலும் அடித்துச் சொல்வேன்.

வளர்ந்த பிறகு பேக்கரி ஒன்றுக்கு வான் ஓட்டினேன். விடிய முன்னமே பாணை இறக்கிவிட்டால் காலை முழுவதும் நான் சும்மாதான். சம்பளத்துக்கு ஆடும் பெரிய கிளப்புகள் அந்த நேரத்தில்தான் பயிற்சி எடுக்கும். அப்படி ஒன்றுக்கு மூன்றாவது கீப்பர் தேவைப்பட்டது. அவர்களிடம் இரண்டு கீப்பர்கள் இருந்தார்கள். அவர்களைக் களைக்க விடாமல், முன்னணி ஆட்டக்காரர்கள் அடித்துப் பழக ஒரு உடம்பு வேண்டும். அந்த உடம்பு நான். இரண்டு கீப்பர்களில் ஒருவர் படுத்துவிட்டால் அவசரத்துக்கு வாங்கில், ஆட்டக்காரர்களின் நீள இருக்கையில், இருக்க வேண்டியதும் நான். சம்பளம் கிடையாது. கோப்பி கிடைக்கும்.

ஹொக்கியில் ஒரு மரியாதை உண்டு. பயிற்சியின் தொடக்கத்தில், கீப்பரின் உடம்பு சூடாகும் வரை, தோளுக்கு மேலே அடிக்கக் கூடாது. பக் என்கிற அந்த ரப்பர் வட்டு உறைந்து கல்லாக இருக்கும். முகமூடியில் பட்டால் பல் கிடுகிடுக்கும். மற்ற இரண்டு கீப்பர்களுக்கும் இந்த மரியாதையை ஒழுங்காகக் கொடுத்தார்கள். நான் கோலுக்குள் போனதும் எல்லாருக்கும் மறதி வந்துவிடும். முதல் அடியே காதோடு உரசிக்கொண்டு போகும். பிறகு ஒரு சிரிப்பு, “மன்னிக்கவும்” என்று ஒரு சொல். அடுத்ததும் அங்கேயே வரும்.

இவ்வளவையும் ஏன் பொறுத்தேன் என்றால் ஒரு வாக்குக்காக. பருவம் தொடங்கிய நாளில், உடைமாற்றும் அறையில் எல்லாருக்கும் முன்னால், பயிற்சியாளர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: “நீயும் எங்களில் ஒருவன். தேவை வந்தால் கோலுக்குள் நீதான் நிற்பாய்.” ஒரே ஒரு முறை, சில நிமிடங்கள், உண்மையான ஆட்டத்தில் நிற்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பொறுத்துப் போகும் பழக்கம் எனக்கு வீட்டில் வந்தது. அப்பா ஒரு மருத்துவமனைச் சமையலறையில் விக்கார். ஆள் வராத நாளில் தொலைபேசியில் கூப்பிடப்படும் மாற்றாளுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். காலையில் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி, சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். மணி அடித்தால் “யா” என்பார், ஓம் என்று அர்த்தம். எந்தப் பகுதி, எவ்வளவு நேரம் என்று ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். கேட்டால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயம். மணி அடிக்காவிட்டால் பத்து மணிபோல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தச் சாப்பாட்டை வீட்டிலேயே சாப்பிடுவார். வருடக்கணக்காக இதே கதை. நிரந்தரமாக்குவார்கள் என்று ஒவ்வொரு வருடமும் அம்மாவுக்குச் சொல்வார். எங்கள் வீட்டில் அந்தத் தொலைபேசிக்கு இருந்த மரியாதை சுவாமிப் படத்துக்கும் இருந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை அது எனக்காக அடித்தது. இரண்டாவது கீப்பருக்கு வயிற்றுப்போக்கு, உடனே வா என்றார்கள். அன்றைக்கு மோர்டென்ஸ்ருட்டில் மாமாவின் மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. மண்டபத்தில் நான் வீடியோக்காரருக்கு உதவி செய்வதாக ஏற்பாடு. மாமா தொலைபேசியில் பாய்ந்தார். “ஐஸிலை சறுக்கிறதுக்காக மச்சாளின்ரை சடங்கை விட்டிட்டுப் போறியோடா?” என்றார். நான் போனேன். அப்பாவும் அம்மாவும் சடங்குத் தட்டு எடுத்த கையோடு மண்டபத்திலிருந்து புறப்பட்டு வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் என் ஆட்டம் எதையும் அதுவரை பார்த்ததில்லை.

எனக்குத் தந்த சட்டை வயிற்றுப்போக்குக்காரருடையது. முதுகில் இருந்த அவர் பெயரின் மேல் வெள்ளை நாடாவை ஒட்டியிருந்தார்கள். என் பெயரை எழுத யாரிடமும் பேனா இருக்கவில்லையாம்.

ஆட்டக்காரர்கள் அமரும் நீண்ட வாங்கின் கடைசியில் மாற்றுக் கீப்பர் இருப்பார். அவர் பக்கத்தில் ஐஸுக்குப் போகும் சின்னக் கதவு. களைத்தவர்கள் உள்ளே வருவதும் புதியவர்கள் வெளியே பாய்வதும் நிமிடத்துக்கு நிமிடம் நடக்கும். அந்தக் கதவைத் திறந்து மூடுவது மாற்றுக் கீப்பரின் வேலை. எழுதாத சட்டம். நானும் திறந்தேன், மூடினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார்கள். இடையில் நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கப் படிகளில் அம்மா தெரிந்தார். காஞ்சிபுரச் சேலை, அதற்கு மேல் பனிக்காலக் கோட், மடியில் ஐஸ்கிரீம் பெட்டி. அதற்குள் சாமத்திய வீட்டுப் பலகாரம், ரோல்ஸ், இருந்திருக்கும். பக்கத்தில் அப்பா கோட்டு சூட்டில் நிமிர்ந்து இருந்தார்.

கடைசிப் பகுதியில் நாங்கள் நான்கு கோல் பின்னால் நின்றோம். இனி வெல்ல வழியில்லை என்று அரங்க வாசலில் கோப்பி விற்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். அப்போது எங்கள் கீப்பர் காலை அகட்டி விழுந்தவர், எழும்பும்போது தொடையைப் பிடித்துக்கொண்டார். ஒற்றைக் காலால் தள்ளித் தள்ளி வாங்கடிக்கு வந்து மட்டையால் என்னைக் காட்டினார். “அவன் வரட்டும். என்னால் பக்கவாட்டில் அசைய முடியவில்லை” என்றார்.

நான் எழும்பிவிட்டேன். முகமூடியைப் போட்டு, கையுறையை மாட்டி, கதவையும் திறந்துவிட்டேன், இந்த முறை எனக்காக.

பயிற்சியாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. கீப்பரிடம் “நிற்க முடியுமா?” என்று மட்டும் கேட்டார்.

“நிற்கலாம்.”

“அப்படியென்றால் நில்.” பிறகு பின்னால் கையை நீட்டி, கடை வாசலில் நாயை அடக்குவதுபோல, “நீ இரு” என்றார்.

இருந்தேன். முகமூடியைக் கழற்றினேன். ஆட்டம் தொடங்கியதும் கதவைத் திறந்தேன். மூன்று கோல் இன்னும் வாங்கினார்கள். அதில் ஒன்று நடந்து வருகிற வேகத்தில் வந்தது, பாவம் அந்த மனிதருக்குக் காலை அந்தப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை. அதையும் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு கோல் பின்னால் நிற்கும்போதுகூட, காலில்லாத கீப்பர் பயிற்சியாளருக்கு என்னைவிடப் பரவாயில்லை. அணியில் இரண்டு கீப்பர் இருக்க வேண்டும் என்ற விதிக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். போகும்போது அவர் என்னைத் தட்டி, “கதவில் நன்றாக இருந்தாய்” என்றார். பகிடியாம்.

வெளியே வந்தேன். அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது.

“நல்லாச் செய்தாய் தம்பி. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ஒருக்காக்கூடப் பிந்தேல்லை. அவங்கள் வர முதலே நீ திறந்திட்டாய்.”

“அப்பா, நான் கீப்பர். என்னை விளையாட விடேல்லை.”

“ஓம், ஓம். முதல் அப்பிடித்தான் இருக்கும்.” குரலைத் தாழ்த்தினார். “உதை நிரந்தரமாக்குவினமோ?”

அம்மா ரோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினார். கையில் இருந்த மட்டையை அங்கேயே உடைத்திருப்பேன். மட்டையும் கிளப்புடையது. பயிற்சியாளர் மேல் வந்த கோபத்தைவிட அப்பாவின் அந்தச் சந்தோஷத்தின் மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது. இந்த நாடு அவருக்கு ஒரு கதவைத் திறக்கக் கொடுத்தால், நேரத்துக்குத் திறந்தோமா என்று மட்டும்தான் அவர் பார்ப்பார்.

திங்கட்கிழமை காலை நான் வான் ஓடிவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போலச் சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருந்தார். மணி அடித்தது. யார், யாருக்கு என்று கேட்க முதலே “யா, யா” என்றுவிட்டார். பிறகுதான் என்னைப் பார்த்து, “உனக்குத்தான். அந்தக் கீப்பருக்கு இன்னும் கால் ஏலாதாம். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்” என்றார். சொல்லிக்கொண்டே என் சாமான் பையை இழுத்துக்கொண்டு போய், வீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் ரிசீவரை எடுத்தேன். மறுமுனையில் பயிற்சியாளர்.

“வருகிறேன். ஆனால் ஒரு கேள்வி,” என்றேன். “இந்த வார ஆட்டத்தில் உங்கள் கீப்பரால் முடியாமல் போனால் என்னை இறக்குவீர்களா?”

அப்பா வாசலில் நின்றபடி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “உப்பிடிக் கேக்காதை” என்று வாய் அசைந்தது. அந்தத் தொலைபேசியில் எங்கள் வீட்டார் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பயிற்சியாளர், “பார்க்கலாம்” என்றார்.

பார்க்கலாம். அப்பாவுக்கு வருடம் வருடமாக வந்த பதில். “அப்படியென்றால் நான் வரவில்லை” என்று சொல்லி ரிசீவரை வைத்தேன்.

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. “இனி வேறை ஆளைக் கூப்பிட்டிடுவாங்கள், தம்பி.”

“கூப்பிடட்டும்.”

அவர் அசையவில்லை. ஒரு கையில் என் பை, மற்றக் கை கதவில். நான் ஓடிவருவேன் என்று இன்னமும் நினைத்திருக்க வேண்டும். மாடிப்படிக் குளிர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

“கதவைச் சாத்துங்கோ அப்பா” என்றேன்.