கோசலா தெரிந்தெடுத்த சூடு

கோசலா சமைத்த மீன் குழம்பைப் பற்றிக்கூட அவள் கணவர் ஜெகதீஸ்வரனிடம்தான் ஆட்கள் விசாரிப்பார்கள். கார், வீடு, கூரை ஓட்டின் நிறம் என்று முப்பது வருடக் குடித்தனத்தில் எல்லாமே அவர் சொல்தான். அதனால் நிலவறையில் கிடந்த, வீட்டைச் சூடாக்கும் பழைய காஸ் கொதிகலன் உயிரை விட்டபோது, அடுத்ததும் காஸ்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கோசலா மாட்டேன் என்று நின்றாள்.

"வெர்மெபும்பே பூட்டுவம், கரண்டில ஓடுற சூட்டுப் பம்பி. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில அதுதான் ஓடுது. ஒரு கிழவிகூடக் குளிருது எண்டு சொன்னதில்லை."

"வெளியில கிடக்கிற குளிர்க் காத்தில இருந்து சூடு எடுக்கிறதோ? ஆருக்குக் கதை விடுறீர்?"

"இது மலைப்பக்கம் இல்லை, ஆராவ் பட்டணம். மார்கழியிலயும் பனிப்புகாரும் மழையும்தானே. இந்தக் குளிருக்கு அது தாராளமாய்க் காணும்."

பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் கொண்டாட்டம் தை மாதத்தில் அந்த வீட்டில்தான் நடக்க இருந்தது. பிள்ளைக்குக் குளிர்ந்தால் பழி முழுவதும் தன் தலையில்தான் என்று தெரிந்தும் கோசலா விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஜெகதீஸ்வரன், "உம்மட விருப்பம்" என்று கைகழுவிவிட்டார்.

பம்பியைப் பொருத்திய முதல் வாரம் மானம் போயிற்று. இருவரும் வேலை முடிந்து வந்தால் வீடு விறைத்துக் கிடந்தது. ஜெகதீஸ்வரன் அறையைச் சூடாக்கும் சுவரோரத்து ஹைட்சுங்கைத் தொட்டுப் பார்த்து, "ஆறின தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு. நான் அப்பவே சொன்னனான்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. கோசலாவுக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் அவளுக்கு ஒரு நாள் லீவு. எப்போதும் அவருக்கு முன்னமே வேலைக்குப் போகிறவள், அன்று காலையில் தேநீரோடு இருந்தபோது, மனுசன் வேலைக்குக் கிளம்புமுன் அறை அறையாகப் போய் ஹைட்சுங் திருகுகளை இறுக்கி மூடுவதைக் கண்டாள். வீட்டில் ஆளில்லாதபோது சூடு எதற்கு என்று காஸ் காலத்திலிருந்து வந்த பழக்கம். அப்போது மாலையில் திறந்தால் கொஞ்ச நேரத்தில் கொதிக்கும்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்? எங்கட முதியோர் இல்லத்தில ஒருத்தரும் அதைத் தொடுறதில்லை. இது காஸ் மாதிரி ஓடிப் பிடிக்காது. நிக்காமல் மெள்ள நடக்கிற சாமான்."

"ஆளில்லாத வீட்டுக்குச் சூடோ?"

"ஓம். சுவருக்கும் சூடு வேணும்."

அன்றே எல்லாத் திருகுகளையும் திறந்துவிட்டாள். பிறகு, அவர் மறுபடியும் மூடிவிடாதபடி, தினமும் அவர் போன பின்தான் அவள் வீட்டைப் பூட்டினாள்.

முப்பத்தொன்றன்று வந்தவர்கள் எல்லாரும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்த ஹைட்சுங்கைத் தொட்டுப் பார்த்து, பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு, ஜக்கெற்றோடே இருந்தார்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்து முடிவதற்குள் கட்டிலில் கழற்றிப் போட்ட ஜக்கெற் மலை ஒன்று குவிந்துவிட்டது. பிள்ளை ஒரு மெல்லிய சட்டையோடு காலை உதறிக்கொண்டு கிடந்தது. கோசலாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

பாடனிலிருந்து வந்திருந்த புனிதவதி அக்கா, வழக்கம்போல ஜெகதீஸ்வரனிடம் திரும்பினார்.

"தம்பி, எங்கட காஸும் இந்த வருசம் தாங்காது. நாங்கள் எதைப் பூட்டுறது? நீங்கள் சொல்லுங்கோ."

ஜெகதீஸ்வரன் வாயைத் திறந்தார். பேரப்பிள்ளையை ஒருதரம் பார்த்தார்.

"எனக்கென்ன தெரியும் அக்கா? நான் அதை மூடித் திரிஞ்ச ஆள். கோசலாவைக் கேளுங்கோ, அவதான் தெரிஞ்செடுத்தவ."

கோசலா பாயாசக் கரண்டியை வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.