பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தவர்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. போனில் பேசியவர் அண்ணனோடு பன்னிரண்டு வருடம் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன். "அக்கா, அண்ணன் உக்காந்தபடியே..." என்றார். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. பதினாறு கார்கள் நிற்கும் அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை நேரத்தில் உட்காரும் ஒரே மனிதர் என் அண்ணன்தான். வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் இடத்துக்கு அங்கே பே என்று பெயர்; மூன்றாவது பே, கவிழ்த்துப்போட்ட பெயின்ட் டின். அவருடைய நாற்காலி அதுதான்.

அங்கே அவருக்குப் "பத்து நிமிஷம்" என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் விசாரித்தால் காவலாளியே "அப்படி யாரும் இல்லையே" என்பார்.

பெயர் வந்த காரணம் இதுதான். கார் ஸ்டியரிங்கின் நடுவில், நாம் ஹாரன் அடிக்க அழுத்தும் மூடிக்கு அடியில், ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். அதில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். அது வடியும்வரை பொறுக்காமல் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தால், விபத்து எதுவும் நடக்காமலேயே ஏர்பேக் வெடித்து முகத்தில் அறையலாம். கம்பெனிப் புத்தகம் சில நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. அண்ணன் அதைப் பத்து என்று வைத்துக்கொண்டார். ஒன்பதரை நிமிடத்தில் அவரை எழுப்ப முதலாளியாலும் முடிந்ததில்லை.

பத்து நிமிடம் முடிந்ததும் தொடங்கும் காட்சியைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். ஸ்டியரிங்கின் பின்புறம் இரண்டு ஸ்க்ரூ, பிறகு மஞ்சள் கனெக்டர். அதன் பின் ஏர்பேக்கைப் பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, அதன் முகம் தன் பக்கம் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, "வழி, வழி, வழி" என்று கத்தியபடி மேஜைக்கு நடப்பார். ஒருமுறை வரவேற்பறையில் காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், செருப்பை விட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டார். ஏர்பேக்கை மேஜையில் முகம் மேலே இருக்கும்படி வைப்பார். அதன் மேல் ஒரு துணிகூடக் கிடக்கக் கூடாது. கேட்டால் டீ கிளாஸ் கதை வரும். முன்பு வேலை பார்த்த இடத்தில் எவனோ ஏர்பேக்கின் மேல் டீ கிளாஸை வைத்தானாம். அது வெடித்து, கிளாஸ் கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு போனதாம்.

"அப்புறம்?" என்று யாராவது கேட்டாக வேண்டும்.

"அப்புறம் என்ன? இன்னும் கீழ வரல."

வீட்டிலும் அதே சட்டம்தான். அண்ணி உதிரிபாகக் கவுன்ட்டரில் வேலை பார்த்தவர். ஒருநாள் பில் போட்டுக்கொண்டே, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் போய் டின்மேல் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து வந்து "சரி" என்றாராம். "அந்தப் பத்து நிமிஷத்துல எனக்கு வேற நல்ல இடமா அமைஞ்சிருக்கும்" என்று அண்ணி இருபது வருடமாகச் சொல்லிக்காட்டினார். சண்டை மூண்டால் அண்ணன் மாடிப்படியில் போய் உட்காருவார். சமையலறையிலிருந்து அண்ணி, "என்ன, ஒயரைப் பிரிச்சாச்சா?" என்பார். "ஆச்சு. கரண்ட் வடியட்டும்" என்று படியிலிருந்து பதில் வரும். அண்ணிக்கு வடிந்ததா என்பது வேறு விஷயம்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்த மனிதரின் வாழ்க்கையில் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். முப்பது வயது. நல்ல பிள்ளைதான். கையில் எப்போதும் ஒரு டேப்லெட் இருக்கும். அதைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வார். எல்லா மெக்கானிக்குகளின் போனிலும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு 'கோடு', அதாவது குறியீட்டு எண், உண்டு. வேலை நடந்தால் பச்சை. கை நின்றால் சிவப்பு. சிவப்பு பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் டேப்லெட் கீச்சென்று கத்தும், மேனேஜர் ஓடிவருவார். மாதக் கடைசியில் சிவப்புப் பட்டியல் கேன்டீன் சுவரில் ஒட்டப்படும். முதல் மாதமே முதலிடம் அண்ணனுக்கு. இரண்டாமிடத்துக்கும் அவருக்கும் இருந்த தூரத்தைப் பார்த்தால், இரண்டாவது ஆள் முயற்சியே செய்யவில்லை என்று தோன்றும்.

மேனேஜர் கூப்பிட்டு விசாரித்ததை அண்ணன் எங்கள் வீட்டில் நடித்தே காட்டினார்.

"அந்தப் பத்து நிமிஷம் என்ன பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன் சார்."

"உக்காந்து?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கேன் சார். அதுதான் வேலை."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு ஆப்ல கோடு இல்லையே. அந்த நேரத்துல வேற வண்டி பாக்கலாமே?"

"நான் அந்தப் பக்கம் போனா, எவனாவது வந்து 'என்னடா, லைட் எரியலையே'ன்னு ஒயரை மாட்டிட்டுப் போயிடுவான் சார். அப்புறம் நான் வந்து தெரியாம கையை விடுவேன். அதான் காவல் இருக்கேன்."

மேனேஜர் டேப்லெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, "காவலுக்கும் கோடு இல்ல" என்றாராம்.

அதே வாரம் பாதுகாப்பு வாரமாகப் போய்விட்டது. தலைமை அலுவலகத்துக்கு விபத்தே நடக்காத ஒரு மெக்கானிக்கின் பெயர் தேவைப்பட்டது. இருந்ததே ஒரு பெயர்தான். அண்ணனுக்கு மாலை போட்டுப் படமெடுத்து, "பாதுகாப்பு நாயகன்" என்று எழுதி வரவேற்பறையில் மாட்டினார்கள். சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்த பியூன் கையில் இன்னொரு உறையும் இருந்தது. மாதம் முடிவதற்குள் செயலற்ற நேரத்தைக் குறைக்காவிட்டால் வாட்டர் வாஷ் பிரிவுக்கு மாற்றப்படுவீர்கள் என்று அதில் இருந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து. அண்ணி இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். "வர்றவங்க எது வேணுமோ அதைப் படிச்சுக்கட்டும்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். ஆனால் நான் கிளம்பும்போது வாசல்வரை கூடவே வந்து கேட்டார்.

"வண்டி கழுவறதுல எனக்கு ஒண்ணும் கவுரவக் குறைச்சல் இல்லம்மா. ஆனா என் இடத்துக்கு எவன் வந்தாலும் உக்கார மாட்டான். அவன் பேரு பட்டியல்ல வந்துடக் கூடாதுன்னு பாப்பான். யாரு மூஞ்சி போகப் போகுதோ?"

"நீயே அஞ்சு நிமிஷமாக் குறைச்சுக்கயேன் அண்ணா."

"குறைக்கலாம். மத்த அஞ்சு நிமிஷம் எனக்குப் பயமா இருக்குமே."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லைக் கேட்டது அன்றுதான்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மேனேஜரின் சொந்தக் கார் மூன்றாவது பே-க்கு வந்தது. ஸ்டியரிங் உறை உரிந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, ஏர்பேக் விளக்கும் அணையாமல் எரிகிறது. ஸ்டியரிங்கை மாற்றி, ஏர்பேக்கையும் சரிபார்க்க வேண்டும். மேனேஜர் தானே வந்து நின்றார். அதுவரை "மிஸ்டர்" என்றும் "நீங்க" என்றும் அழைத்தவர், அன்று முதல்முறையாக "அண்ணே" என்றார்.

"அண்ணே, நிதானமாப் பண்ணுங்க. குழந்தைங்க ஏறுற வண்டி. பத்து நிமிஷம் பத்தலைன்னா இருபதுகூட எடுத்துக்குங்க."

"ஆப்ல சிவப்பு காட்டுமே சார்?"

மேனேஜர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு தன் டேப்லெட்டில் மூன்றாவது பே-க்கான கண்காணிப்பை மட்டும் அணைத்தார். "இவரை யாரும் டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அண்ணன் சொல்லித்தான். பத்து மணிக்கு போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் பேசியதே இல்லை. "ஜெயிச்சுட்டேம்மா" என்றார், சிரிப்பை அடக்கமுடியாமல். "அவர் வண்டின்னா இருபது நிமிஷமாம்! சாயங்காலம் வந்து முழுசா நடிச்சுக் காட்றேன். இப்ப ஒயரைப் பிரிச்சுட்டேன், வை."

பிறகு டின்மேல் உட்கார்ந்தார்.

பத்து இருபதுக்கு எலக்ட்ரீஷியன் அந்தப் பக்கமாக நடந்திருக்கிறார். அண்ணன் தலையைச் சுவரில் சாய்த்திருந்தார். மேனேஜர் வண்டி, அதனால் இருபது நிமிஷம் என்று நினைத்துக்கொண்டார். பத்து முப்பதுக்கு இன்னொருவர் பார்த்திருக்கிறார். இருபதும் ஆகிவிட்டதே, இன்று பழி தீர்க்கிறார் என்று சிரித்துக்கொண்டு போயிருக்கிறார். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் பதினைந்தாவது நிமிடத்தில் டேப்லெட் கத்தியிருக்கும். மேனேஜர் திட்டுவதற்காகவாவது ஓடிவந்திருப்பார். அன்று எல்லோருமே அவருக்கு மரியாதை கொடுத்தார்கள். பத்து ஐம்பதுக்கு டீ கொண்டுவந்தவர்தான் தோளைத் தொட்டார்.

முன்னமே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, இதயம் ஒரே அடியாக நின்றுவிட்டது என்றார் டாக்டர். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்களாக இருக்கும். அண்ணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நானும் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். கையில் டேப்லெட் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்த நேரத்தை எந்தக் கோடுல போட்டீங்க தம்பி?"

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணிதான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது ஆப்பில் புதுக் கோடு ஒன்று சேர்த்திருக்கிறார்கள். "காத்திருப்பு, பத்து நிமிடம்." பச்சைதான் காட்டும். ஏர்பேக் வேலைக்கு எவர் வந்தாலும் உட்கார்ந்தே ஆக வேண்டும், உட்காராவிட்டால்தான் சிவப்பு. உட்கார்ந்து எல்லோரும் போன் பார்க்கிறார்களாம். எலக்ட்ரீஷியன் குறைப்பட்டுக்கொண்டார். அண்ணன் இருந்தால் அதையும் நடித்துக் காட்டியிருப்பார்.

மேனேஜர் இன்றுவரை பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறார். அந்தக் காரில் கை வைக்க யாரும் முன்வரவில்லை, அவரும் யாரையும் சொல்லவில்லை. புது ஸ்டியரிங் பின் சீட்டில், பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கிறது. பழைய ஸ்டியரிங்கின் பின்புறம் அந்த இரண்டு ஸ்க்ரூவும் அப்படியே இருக்கின்றன. பேட்டரியில், பிரித்த நெகட்டிவ் ஒயரின் நுனியில் அண்ணன் சுற்றிவைத்த மஞ்சள் துணி இன்னும் அவிழ்க்கப்படவில்லை.