பூமரத்துக்குச் சொன்ன சலாம்

அடுத்த வீட்டு நஸீரா இன்று காலையில் தன் ரோஜாச் செடிக்குச் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். குளிருக்கு அல்ல. இலங்கைக் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் என்ன குளிர்? ஆட்டுக்குத்தான். எங்கள் தெருவில் திரியும் ஆடுகளுக்கு ரோஜா முள்ளும் ஒன்றுதான், முருங்கை இலையும் ஒன்றுதான். இப்போதெல்லாம் நெல்லைக்கூட உரப்பையில்தானே கட்டுகிறார்கள், இவளுக்கு எங்கிருந்தோ ஒரு பழைய சணல் சாக்குக் கிடைத்திருக்கிறது. இரவு மழையில் நனைந்த சாக்கு. அதன் மணம் மதிலைத் தாண்டி வந்தது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த நான் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இந்த வயதில் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்தால் நான் விடுவதில்லை.

நனைந்த சாக்கு மணத்தால் எங்கள் ஊர்க்காரருக்கு வயல்வட்டையும் நெல்லும் நினைவுக்கு வரவேண்டும். எனக்கு வியன்னா நினைவுக்கு வருகிறது. இதை நஸீராவிடம் சொன்னால் அவள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

மச்சான் அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் வேலையாக இருந்தார். மச்சான் என்பது என் கணவர். மாமி மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்பும் மச்சான், பின்பும் மச்சான். நான் பின்னால் போய்ச் சேர்ந்தேன். நிலத்துக்குக் கீழே ஓர் அறை. யன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். ஒருவருடைய முகத்தையும் அறியாமல் சப்பாத்தை வைத்தே ஆட்களுக்குப் பெயர் வைத்திருந்தேன் என்றால், நான் எவ்வளவு நேரம் சும்மா இருந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா இருப்பதிலும் களைப்பு உண்டு. குசினியில் நின்று வருபவருக்கு இடுப்பு வலி, அறையில் கிடப்பவளுக்கு மனசு வலி. ஆகவே அவருக்கு லீவு கிடைக்கிற நாளில் இருவரும் பூங்காவுக்குப் போவோம்.

அந்த ஊரில் பூங்காக்களுக்குக் குறைவில்லை. அரசர்மார் தங்களுக்கென்று வளர்த்த தோட்டங்களாம். பிறகு எல்லா மனிதருக்கும் திறந்துவிட்டார்களாம். மரங்களைச் சுவர் மாதிரிச் சீவி வைத்திருப்பார்கள், ஓர் இலை வெளியே நீட்டாது. மச்சான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இந்த மரத்துக்கெல்லாம் ஆரு புள்ள தலமயிர் வெட்டுற?" என்பார். இன்னொரு தோட்டத்தில், பழைய யுத்தகாலத்தில் கட்டிய பெரிய கொங்கிரீட் கோபுரம் ஒன்று பூப்பாத்திகளுக்கு நடுவில் இடிபடாமல் நின்றது. ஜனங்கள் அதன் கீழே பிள்ளைகளை விளையாடவிட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பழகிய என் கால் அந்தப் பக்கம் போனால் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

அங்கே ஒரு மரத்தின் கீழே பளபளவென்று மண்ணிறக் கொட்டைகள் விழுந்து கிடக்கும். ஒருவரும் பொறுக்குவதில்லை. வீணாகப் போகிறதே என்று ஓடனித் தலைப்பு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து பலாக்கொட்டை மாதிரி உப்புப் போட்டு அவித்தேன். ஒரு கடிதான். அந்தக் கசப்பு மூன்று வேளைச் சோற்றுக்கும் போகவில்லை. அது மனிதர் தின்கிற சாதியில்லை என்று மறுநாள் குசினியில் கேட்டு வந்து சொன்னார் மச்சான்.

உண்மையைச் சொன்னால், நாங்கள் பூங்காக்களைப் பார்த்ததைவிட பூங்காக்களில் தூங்கியதுதான் அதிகம். பச்சை நிற இரும்புக் கதிரையில் சாய்ந்த உடனேயே மச்சானுக்குக் குறட்டை வந்துவிடும். நான் பக்கத்திலிருந்து அரசர் வீட்டுச் சிலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். பெரும்பாலானவை உடுப்பில்லாத சிலைகள், ஆகவே கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு நானும் கண்ணை மூடுவேன்.

முதல் குளிர்காலத்தில்தான் அந்த ரோஜாத் தோட்டத்துக்குப் போனோம். ரோஜாத் தோட்டம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மாளிகைக்கு முன்னால் இரும்புக் கம்பி வேலி போட்ட பெரிய இடம். உள்ளே வரிசை வரிசையாக, ஆள் உயரத்துக்கு, சாக்குத் துணியால் போர்த்தி மேலும் கீழும் கயிற்றால் கட்டி எதையோ நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னத் தகடு. தகட்டில் பெயர். எங்கள் மையவாடியில், ஆட்களை அடக்கும் இடத்தில், கபுறுக்குத் தலைமாட்டில் நடுவோமே மீசான் கட்டை, அதே உயரம்.

மச்சான் நின்றார். நானும் நின்றேன்.

"மையவாடி போலரிக்கி," என்றார்.

"நிக்க வெச்சா அடக்குற?" என்று கேட்டேன்.

"அது அவங்கட முறையாக்கும். நீ இஞ்ச நில்லு புள்ள. நான் போய் ஒரு சலாம் சொல்லிப்போட்டு வாறன்."

"ஆரெண்டும் தெரியாம?"

"மவுத்தானவருக்கு ஆரென்ன?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். நான் வேலிக்கு வெளியே நின்றேன். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. போவது ஒரே தடவைதான், அதுவும் நாலு பேர் தூக்கிக்கொண்டு. எனக்கு அதில் அவசரமில்லை. ஆகவே பனி விழவிழ, கம்பியைப் பிடித்தபடி, ஊர் வழக்கத்தை வியன்னாவில் காப்பாற்றிக்கொண்டு நின்றேன்.

உள்ளே மச்சான் முதல் வரிசைக்கு முன்னால் நின்று கபுறாளிகளுக்குச் சலாம் சொன்னார். இரண்டு கையையும் ஏந்தி ஓதினார். அவருக்குப் பின்னால் ஒரு மர வாங்கில் பொடியன் ஒருவனும் பெட்டை ஒருத்தியும் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மையவாடிக்குள் இப்படியும் செய்வார்களா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது மச்சான் ஒரு சாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

"புள்ள, அது மையத்தில்லகா. பூமரம்."

"என்ன பூமரம்?"

"ரோஜா. முள்ளுக் குத்திப்போட்டு. குளிருக்குச் சாக்குப் போத்திரிக்கானுகள்."

"அப்ப நீங்க சொன்ன சலாம்?"

"சொன்னது சொன்னதுதான். அதத் திருப்பி எடுக்க ஏலுமா?"

அந்த ஊரில் நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அது. முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

குளிர் முடிந்து சாக்கைக் கழற்றி, பூக்கிற காலத்தில் போய்ப் பார்த்தோம். அத்தனை ரோஜா. தகட்டிலுள்ள பெயர்களைப் பற்றி மச்சான் விசாரித்து வந்தார். விருப்பமான ஒருவரின் பெயரில் ஒரு செடியை எடுத்துக்கொள்ளலாமாம். உயிரோடு இருப்பவர் பெயரும் உண்டு, போய்ச் சேர்ந்தவர் பெயரும் உண்டு. "அப்ப உங்கட சலாத்துல பாதி சரியாத்தான் போயிரிக்கி," என்றேன். அவர் அதற்கும் சிரித்தார். அந்த நாளில் எதற்கும் சிரிப்பார்.

அடுத்த குளிர்காலத்தில் என் வாப்பா மவுத்தானார்.

காக்காதான் போன் எடுத்தார். என் மூத்த சகோதரன். எங்களுடைய விசாக் கடதாசிகள் அப்போது முடிவில்லாமல் கிடந்தன. வெளியே போனால் திரும்பி உள்ளே வரமுடியாது. வயிற்றில் பிள்ளை வேறு. போகாவிட்டால் வாப்பாவின் முகம் இல்லை. அந்த ஒரு பகலில் நான் பட்டதை எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை. கடைசியில் உம்மா போனை வாங்கிச் சொன்னார்: "வராத மகள். நீ வந்து சேரவும் அடக்கியிருவாங்க. வந்தும் நீ கபுறடிக்குப் போகவா போறாய்?"

அது சரிதான். ஊரில் இருந்திருந்தாலும் வாசல் வரைக்கும்தான். ஆனாலும் வாசல் என்று ஒன்று இருந்திருக்குமே.

மறுநாள் மச்சான் வேலைக்குப் போனபின் தனியாக வெளிக்கிட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்து, அந்த இரும்பு வேலியடியில் போய் நின்றேன். திரும்பவும் சாக்குப் போர்த்தியிருந்தார்கள். மழையும் பனியும் கலந்து பெய்து எல்லாம் நனைந்திருந்தது. அப்போதுதான் அந்த மணம் வந்தது.

எங்கள் வாப்பா மாரி மழைக்குக் குடை பிடிக்கிற ஆளில்லை. ஒரு சாக்கின் மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வட்டைக்குப் போவார். தூரத்திலிருந்து பார்த்தால் வரம்பில் ஒரு சாக்கு நிற்கிறது போலத்தான் இருக்கும். சாப்பாடு கொண்டுபோகும் நாங்கள் "வாப்பா" என்று கூப்பிட்டால் அந்தச் சாக்குத் திரும்பிப் பார்க்கும். அங்கே அத்தனை வாப்பா வரிசையாக மழையில் நின்றார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

நான் உள்ளே போனேன். பிழையோ சரியோ, போனேன். வேலியோரமாகப் பெயர்த் தகடு இல்லாத செடி ஒன்று இருந்தது. அதன் முன்னால் நின்று சலாம் சொன்னேன், யாசீன் ஓதினேன். வாப்பாவுக்கு ரோஜாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்த பூ நெற்பூதான். அதையும் வாயால் சொல்லி அழுதேன்.

வாங்கில் ஒரு கிழவி இருந்தார். கம்பளித் தொப்பி, கையுறை. தன்னுடைய செடியின் தகட்டில் விழுந்த பனியைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவர். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். யார் என்று கேட்டிருப்பார் என நினைத்து, எனக்குத் தெரிந்த அவர்கள் பாஷைச் சொல்லில் வாப்பா என்றேன். கிழவி தலையை ஆட்டினார். வாங்கில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். என் வாப்பாவின் மரணத்துக்கு என் பக்கத்தில் இருந்த பெண் அவர் ஒருவர்தான். பெயரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தச் செடியடிக்குப் போய் வருவது வழக்கமாகிவிட்டது. பல காலம் போனேன்.

பிறகு மச்சானின் இடுப்பு முற்றாக விழுந்து நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம். மூத்தவன் படிப்போடு அங்கேயே நின்றுவிட்டான். வந்த கிழமையே காக்காவிடம் வாப்பாவின் கபுறைக் காட்டச் சொன்னேன். மையவாடி மதிலுக்கு வெளியே நிறுத்தி, "அந்தா, அந்த வேப்ப மரத்துக்கு அங்கால" என்று கையை நீட்டினார். எட்டிப் பார்த்தேன். மரம் தெரிந்தது. சண்டை பிடிக்க என்னிடம் வலு இருக்கவில்லை. மாரிக்குத் தண்ணீர் நிற்கிறது என்று பிறகு மையவாடிக்கு மண் போட்டு உயர்த்தினார்கள். மீசான்கள் மண்ணுக்குள் போய்விட்டன, வேம்பையும் தறித்துவிட்டார்கள். இப்போது காக்காவும், "இந்தப் பக்கமாத்தான்" என்று கையை அகலமாக வீசுகிறார்.

இன்றைக்கு நஸீராவின் சாக்கு மணத்துக்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூத்தவனுக்குப் போன் எடுத்து, "அந்த ரோஜாத் தோட்டத்துக்கு ஒருக்காப் போய்க் காட்டு மகன்" என்றேன். நல்ல பிள்ளை. பகல் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று வீடியோவில் வந்தான். அங்கே குளிர்காலம். அதே சாக்கு, அதே வரிசை.

"வேலிப் பக்கம் முழுக்கப் புதுசா நட்டிரிக்காங்க உம்மா. எல்லாத்துலயும் பேர் கெடக்கு. எது உங்கட?"

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். எல்லாம் ஒன்று போலவே நின்றன. பேர் இல்லாத ஒன்று அங்கே இல்லை. இங்கேயும் தொலைத்தேன், அங்கேயும் தொலைத்தேன்.

"எதும்மா? சுறுக்காச் சொல்லுங்க, கை விறைக்கிது."

சாய்கதிரையில் கிடந்த மச்சான், "புள்ள நிக்கிறான், சொல்லன்கா" என்றார்.

"தெரியல்ல மகன்," என்றேன். "எல்லாத்துக்கும் சேத்து ஒரு சலாம் சொல்லிப்போட்டுப் போ."

"பூமரத்துக்கா உம்மா?"

"ஓம். பூமரத்துக்குத்தான். ஒண்ட வாப்பாவும் சொன்னவர்தான்."

அவன் ஆட்கள் பார்க்கிறார்களா என்று அங்குமிங்கும் பார்த்தான். பிறகு போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தோடு, மெதுவாகச் சொன்னான். திரையில் நனைந்த சாக்குகள் மட்டும் தெரிந்தன. ஒருவர் சலாம் சொன்னால் பதில் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே சொல்வதற்கு ஆளில்லை.

வாப்பாவுக்குப் பதிலாக நான் சொன்னேன்.