தீ மேசைக்கு நாலு கண்ணாடி

குவைத்தில் பதினாலு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு என் மனைவி போன வருடம் ஊரோடு வந்துவிட்டாள். வந்த மூன்றாம் நாளே மொட்டைமாடியில் ஒரு தீ மேசை வேண்டும் என்றாள். நடுவில் குழி வைத்த மேசை. குழியில் பரப்பிய கற்களுக்கு அடியில் கேஸ் பர்னர் இருக்கும். அங்கே ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் குளிர்காலத்தில் பார்த்திருக்கிறாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்களாம். இவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஓடியிருக்கிறாள்.

"நம்ம ஊர்ல எதுக்குட்டி தீ? சும்மா இருந்தாலே வேர்க்குது."

"ஆடியில நம்ம மாடியில நின்னுட்டு இதச் சொல்லுங்க, பாப்போம்."

அவள் சொன்னதும் சரிதான். எங்கள் தோவாளையில் ஆடிக் காற்று, காயப்போட்ட துணியைக் கிளிப்போடு கொண்டுபோகும்.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் தம்பி மேசையைச் செய்து கொண்டுவந்தான். கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பவர் பர்னரைப் பொருத்தினார். ஒரு ஞாயிறு சாயங்காலம் பற்றவைத்தோம். தீ நிமிரவே இல்லை. மேசைமேல் படுத்து, விளிம்பைத் தாண்டி நீண்டு, மச்சினனின் மீசையைத் தொட்டுவிட்டு அணைந்தது.

"எக்கா, மீச போச்சு!"

அவள் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, வார்டில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பாதி இருக்குலே" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஊருக்கு வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இந்தத் தீயை எப்படியாவது நிற்கவைத்துவிட வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

வீட்டில் சும்மா கிடந்த ஜன்னல் கண்ணாடியை நாலாக அறுத்துச் சுற்றி நிறுத்தினேன். பத்து நிமிடம் நன்றாக எரிந்தது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். மூலைக்கு மூலை விரிசல். அவள் கேஸை அடைத்தாள்.

"விடுங்க. நமக்கெல்லாம் இது சரிப்படாது."

அந்த 'நமக்கெல்லாம்' எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே நாகர்கோவிலில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முழுக்கதையும் கேட்டார்.

"சாதா கண்ணாடி சூடு தாங்காது சார். டஃபண்ட் கண்ணாடி போடணும். தீயவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்க. அடியில விரல்கடை சந்து விடணும், முழுசா அடைச்சா தீக்கு மூச்சுமுட்டும். அளவு சரியா சொல்லுங்க, பொறவு அறுக்க முடியாது."

மூன்று தடவை அளந்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் கண்ணாடி வந்தது. மச்சினன் மேசையில் ஸ்டீல் கிளிப் பற்றவைத்து நாலையும் நிறுத்தினான்.

அன்று காற்றுக்குக் கொஞ்சமும் இரக்கமில்லை. நாற்காலி ஒன்று தானாக நகர்ந்தது. கண்ணாடிக்குள் தீ ஒருமுறை சாய்ந்து, நிமிர்ந்து, அப்படியே நின்றது.

"கொள்ளாம்!" என்றான் மச்சினன்.

அவள் பால் விடாமல் கட்டன்சாயா போட்டுக்கொண்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். கேட்காமலே குவைத் கதை சொல்ல ஆரம்பித்தாள். ஊசி போட விடாத ஒரு கிழவியிடம் அரபியில் வசவு கற்றுக்கொண்டாளாம். இரண்டைச் சொல்லியும் காட்டினாள். அர்த்தம் கேட்டு நாங்கள் எவ்வளவோ கெஞ்சியும் அதை மட்டும் சொல்லவில்லை.