தேய்ந்துபோன எண்

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அப்போது நான் வாகனப் பதிவு அலுவலகத்தில் ஆய்வாளன். திடலில் பதினேழு வண்டிகள் வரிசையில் நின்றன. ஆறாவதாக நின்றது, 1956இல் செய்யப்பட்ட கரும்பச்சை நிறக் கார்.

உருண்ட மட்கார்டு, முகம் பார்க்கும்படி மின்னும் பம்பர், திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து கைபோல எழும் சிவப்பு இண்டிகேட்டர் என்று எல்லாமே பழையபடி இருந்தன. மற்ற ஓட்டுநர்கள் தங்கள் வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு அதைச் சூழ்ந்து நின்றார்கள். எங்கள் தட்டச்சுப் பெண் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து படம் எடுத்துக்கொண்டாள். வரிசை நகரவில்லை. நான் இரண்டு முறை விசில் ஊதியும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காரின் உரிமையாளர் ஏழு மாடி மருத்துவமனை ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். அங்கே இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருக்கு ‘லிஃப்ட்காரர்’ என்பதே பெயர். ஏறுகிறவர்கள் கதவுக்கு மேலே மாறும் எண்ணைப் பார்ப்பார்களே தவிர, பொத்தானை அழுத்துகிறவரைப் பார்ப்பதில்லை. அந்த மருத்துவமனையின் பழைய டாக்டர் ஒருவருடைய கொட்டகையில் கோழிகள் அடைந்துகிடந்த இந்தக் காரை இரும்பு விலைக்கு வாங்கி, ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, மூன்று ஆண்டுகளில் மறுபடி பூட்டினார். அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். அவர் தெருவில் திரும்பினால் முடிதிருத்துகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார். போக்குவரத்துக் காவலர் மற்ற வண்டிகளை நிறுத்தி இவருக்கு வழிவிடுவார்.

திரைச்சீலை தைத்து விற்கும் அவர் மனைவிதான் காரின் இருக்கைகளுக்கும் உறை தைத்தவர். “சக்களத்தி வந்தா எல்லாரும் கண்ணைக் கசக்குவாங்க. நான் அளவெடுத்து சட்டை தச்சுக் கொடுத்தேன்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

நான் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். உட்சுவரில் வண்டியின் அடையாள எண் பொறித்த பித்தளைத் தகடு இருக்க வேண்டும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எண்ணின் அச்சைப் படிவத்தில் ஒட்டுவது எங்கள் முறை. தகடு இருந்தது. அதில் என் மீசை தெரிந்தது. எண் இல்லை.

“நம்பர் எங்கங்க?”

“இதோ சார், தகட்டுலயே...” என்று குனிந்தவர் நிமிரவில்லை. விரல் நுனியால் தகட்டைத் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

“வாரா வாரம் பாலிஷ் போடுவேன் சார். பானெட்டைத் திறந்தா எல்லாரும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க.”

“பாலிஷ் போட்டே நம்பரை அழிச்சிட்டீங்களா?”

பின்னால் யாரோ, “குளிப்பாட்டியே குழந்தையைக் கரைச்சிட்டாரு!” என்றார். சிரிப்பு எழுந்தது.

எண் அவருக்கு மனப்பாடம். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் தகட்டைக் காட்டி எண்ணை ஒப்பிப்பார், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பித்தளையிலிருந்து எழுத்து எந்த ஆண்டு மறைந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இல்லாததை அவருடைய நினைவு அங்கே எழுதிக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

காரின் பதிவு அன்றோடு முடிகிறது. எண் அழிக்கப்பட்ட வண்டி திருட்டு வண்டியாக இருக்கலாம் என்பதால் அதைப் பறிமுதல் செய்ய வேண்டும். பறிமுதலான வண்டிகளை நசுக்கும் ஆலைக்கு ஏற்றிச் செல்ல, மாதத்தின் கடைசி வியாழன் மூன்று மணிக்குக் குத்தகைக்காரரின் லாரி வரும். அதுவும் அன்றுதான்.

“சார், இன்னொரு இடத்துல நம்பர் இருக்கு. டிரைவர் சீட்டுக்கு அடியில, குறுக்குச் சட்டத்துல அடிச்சிருக்கு. நான் பிரிச்சு மாட்டினவன் சார். அது மேல துருவுக்குச் சிவப்பு பெயிண்ட் அடிச்சதும் இந்தக் கைதான். நாலு போல்ட், கால் மணி நேரம்.”

நான் அட்டவணையைக் காட்டினேன். “உங்க மாடலுக்கு ஒரே இடம்தான் போட்டிருக்கு. நீங்க சொல்ற இடமெல்லாம் நான் தேட முடியாது. இன்னும் பதினோரு பேர் நிக்கிறாங்க.”

உரிமையாளர் வேறோர் இடத்தைச் சுட்டினால் அதையும் பார்த்தாக வேண்டும் என்று அதே பக்கத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கிறது. அந்த வரி எனக்குத் தெரியாததன்று. என் திடலில் என் விசிலை மதிக்காமல் எல்லோரும் ஒரு காரைப் பார்த்துக்கொண்டு நின்ற எரிச்சலில் நான் பக்கத்தைத் திருப்பவில்லை. ‘எண் அழிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

எழுத்தர் அவரிடம் நகலை நீட்டினார். “மேல்முறையீடு பண்ணலாம். முப்பது நாள் டைம் இருக்கு.”

“அதுவரைக்கும் வண்டி?”

“வண்டி மூணு மணிக்குப் போயிடும்.”

காரைப் பின்கொல்லைக்குத் தள்ளிச் சென்றார்கள். சீட்டைக் கழற்றக் கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. ஆய்வுக்குக் கடகடவென்ற சத்தம் இருக்கக்கூடாது என்று கருவிப் பெட்டியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். நண்பகல்வரை ஒவ்வொரு மேசையாக மன்றாடிப் பார்த்துவிட்டு போனில் ஸ்பீக்கரைப் போட்டு மனைவியை அழைத்தார். அந்தப் பேச்சைப் பக்கத்தில் நின்ற எங்கள் காவலாளி எனக்குப் பின்னாளில் அப்படியே நடித்துக் காட்டினார்.

“என்னங்க, உங்க மகாராணி பாஸா?”

“பதினாலாம் நம்பர் ஸ்பேனர், மண்ணெண்ணெய், கந்தத் துணி. எடுத்துக்கிட்டு உடனே வா. பஸ்ஸுக்கு நிக்காத, வாடகை வண்டி பிடி.”

“கார்க்காரன் பொண்டாட்டி வாடகை வண்டியிலயா? நல்லா இருக்கே கதை!”

“மூணு மணிக்கு அவளை நசுக்கக் கொண்டு போறாங்கடி.”

பிறகு, “ஸ்பேனர் எந்தப் பெட்டியில இருக்கு?” என்று மட்டும் கேட்டாராம்.

லாரி இரண்டு மணிக்கே வந்துவிட்டது. குத்தகைக்காரரின் ஆள் காரைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தான். “அடடா, இதைப் போய் நசுக்க எவனுக்கு மனசு வரும்!” என்றான். பானெட்டில் சாய்ந்து நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டான். எடுத்து முடித்ததும் பின் அச்சில் சங்கிலியை மாட்டினான்.

லிஃப்ட்காரர் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

“இறங்குங்கண்ணே. எனக்கு இன்னும் நாலு வண்டி ஏத்தணும்.”

“படம் எடுத்தியே தம்பி, அதுக்குப் பத்து நிமிஷம் குடு.”

“ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தா எனக்குத்தாண்ணே பாட்டு விழும்.”

“என்னையும் சேத்துத் தூக்கு. நானும் பழைய மாடல்தான்.”

சங்கிலி இறுகியது. பின் சக்கரங்கள் ஒரு சாண் உயர்ந்தன. அவர் இறங்கவில்லை. அந்த ஆள் விசையை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தபோது, இரண்டு இருபத்தைந்துக்கு, காய்கறிப் பையில் கருவிகளோடு அவர் மனைவி ஓடிவந்தார். வந்ததும், “ஏம்ப்பா, கீழ இறக்கு. தூக்கு மாட்டின மாதிரி நிக்கிறா!” என்று ஓர் அதட்டல். சக்கரங்கள் தரைக்கு வந்தன.

மூன்று போல்ட்டுகள் கழன்றன. நான்காவது அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி அவருடைய விரல் முட்டியிலிருந்து மணிக்கட்டுவரை தோலை உரித்துக்கொண்டது. மணி இரண்டு நாற்பது. மனைவி துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தானே பிடித்தார். அதுவும் பலிக்கவில்லை. அதுவரை கைகட்டி நின்ற குத்தகைக்காரரின் ஆள், “தள்ளுங்கக்கா” என்று லாரியிலிருந்து நீளமான குழாய் ஒன்றைக் கொண்டுவந்து ஸ்பேனரின் பிடியில் செருகி, முழு உடலையும் அதன்மேல் போட்டான். போல்ட் உடைந்தது. சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார்கள்.

காவலாளி என்னைக் கூப்பிட வந்தார். “சார், சீட்டைக் கழட்டிட்டாங்க. ஏதோ தெரியுதாம்.”

நான் போனது கடமையுணர்ச்சியால் அன்று. ஜனவரியில் ஒரு வேனைச் சரியாகப் பார்க்காமல் தகுதியில்லை என்று கழித்துவிட்டேன் என்று மேலதிகாரி அம்மா எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்திருந்தார். இன்னொரு முறை நடந்தால் வேலைநீக்கத்துக்குப் பரிந்துரைப்பதாகவும் சொல்லியிருந்தார். எனக்குப் பள்ளி செல்லும் மகள்கள் இருவர். சட்டத்தில் எண் இருந்தால் அவர் கார் தப்பும், நான் அகப்படுவேன். இல்லையென்றால் நான் தப்புவேன். எது நடக்க வேண்டும் என்று விரும்பியபடி அந்தக் கொல்லையைக் கடந்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் மண்ணெண்ணெய்த் துணியால் சிவப்புப் பூச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அழுத்தித் தேய்க்கவும் அஞ்சினார், விடவும் முடியவில்லை. முதலில் நான்கு தெரிந்தது. பிறகு ஒன்று, ஏழு, ஏழு. ஐந்தாவது இலக்கத்தில் துரு அரித்திருந்தது.

“எட்டு சார்.”

“மூணு மாதிரியும் இருக்கு.”

“எட்டுதான் சார்.”

“நீங்க தகட்டுலயும் இப்படித்தான் படிச்சீங்க.”

அவர் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மண்டியிட்டுத் தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்தேன். கரிக்கோட்டுக்கு நடுவே வெள்ளையாக எட்டு எழுந்தது. அடுத்து இரண்டு, பூஜ்யம். பதிவேட்டில் இருந்ததும் அதே எண். மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

மேலதிகாரியின் அறையில் நாங்கள் மூவரும் நின்றோம். அவர் என் காலை அறிக்கையையும் பென்சில் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“இந்த இடத்தைப் பத்திக் காலையிலேயே இவர்கிட்ட சொன்னீங்களா?”

கேள்வி லிஃப்ட்காரருக்கு; தண்டனை எனக்கு. ஆம் என்ற ஒரு சொல் போதும். அவருடைய புறங்கையிலிருந்து இரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

“இல்லம்மா” என்றார். “பதட்டத்துல எனக்கே ஞாபகம் வரல. கடைசி நேரத்துலதான் தோணுச்சு.”

“நம்பரைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவருக்கு அஞ்சு வருஷம் புதுப்பிச்சுத் தர மாட்டேன். வருஷா வருஷம் வந்து காட்டணும்.”

“வரேம்மா.”

நடைவழியில் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டார். “காலையிலேயே சொன்னேன்னு என்கிட்ட சொன்னீங்களே? எதுக்குப் பொய்?”

“சொன்னேன்தான். அவர் வேலை போனா நம்ம வண்டிக்கு அஞ்சாவது சக்கரம் முளைக்கப் போகுதா? வா, சீட்டை மாட்டணும்.”

நான் பின்னாலேயே வருவதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு மார்ச்சிலும் வந்தார். வரிசையில் நிற்க வேண்டாம், படிவத்தை நேரே என்னிடம் கொடுங்கள் என்று ஒருமுறை மெல்லச் சொன்னேன். “வேணாம் சார். நின்னாத்தானே நாலு பேர் வண்டியைப் பாப்பாங்க” என்று வரிசைக்கே திரும்பினார். பழைய பித்தளைத் தகட்டைக் கழற்றாமல் வைத்திருந்தார். பாலிஷ் போடுவதை மட்டும் நிறுத்தியிருந்தார்.

2018இல் அவருடைய மருத்துவமனைக்கு ஐம்பதாம் ஆண்டு. இயக்குநர் இந்தக் காரில்தான் வந்து இறங்குவது என்று முடிவாகியிருந்தது. ஓட்டப்போவது லிஃப்ட்காரர். புதுச் சட்டை தைத்திருப்பதாகவும், டாக்டர்கள் எல்லோரும் வாசலில் நிற்கப் போவதாகவும் வரிசையில் பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. விழா மறுநாள் காலை.

ஆய்வில் எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக இண்டிகேட்டரைப் போடச் சொன்னேன். இடதுபக்கத் தூணின் சிவப்புக் கை எழுந்தது. வலதுகை எழவில்லை. சுருள் கம்பி எரிந்துபோயிருந்தது. அதற்கான உதிரிப்பாகம் வெளியூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்போது அருகில் வேறு யாரும் இல்லை. படிவத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால், ஒரு பார்வை பார்த்திருந்தாலும்கூட, ‘சரி’ என்று எழுதியிருப்பேன். அவர் எழாத அந்தச் சிவப்புக் கையை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது விழுந்தது.

“எழுதுங்க சார்” என்றார். “தூக்கலைன்னா தூக்கலைதானே.”

எழுதினேன். மறுநாள் இயக்குநர் வேறொரு காரில் வந்து இறங்கினார். லிஃப்ட்காரர் அன்றும் வழக்கம்போல லிஃப்டில் வேலை பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். நான் ஓய்வுபெறும்வரை அதற்குப்பின் நான்கு முறை என் திடலுக்கு வந்தார். அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை.